கித்தான் சித்தியும் கொட்டாவி விட்ட மூலையும்

என் அம்மாவோடு பிறந்தவர்களில் கடைக்குட்டி கித்தான் சித்தி. கடைவாசல்களுக்குக் கித்தான் துணியில் நிழல் தைத்துக் கொடுப்பது அவள் தொழில். கல்யாணம் எப்போது என்று கேட்டவர்களுக்கெல்லாம், "எனக்கேத்த அளவுல இன்னும் யாரையும் தைக்கலையாம்" என்பாள். முப்பது தாண்டியதும் ஒரு லாரி ஓட்டுநர் அளவெடுத்ததுபோல் வந்து சேர்ந்தார்.

கல்யாணச் சாப்பாடு பெரியம்மா வீட்டு முற்றத்தில். "வாடகைக் கூடாரமெல்லாம் வேண்டாம், நிழல் என் கையாலதான்" என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் சித்தி வாக்குக் கொடுத்துவிட்டாள். வெள்ளைக் கித்தான் ஒரே ஒரு சுருள்தான் கிடைத்தது. தப்பாக வெட்டினால் வந்த சனமெல்லாம் மொட்டை வெயிலில் உட்கார வேண்டியதுதான்.

முற்றத்தில் இரண்டு சுவர்கள் ஒரு மூலையில் சேர்ந்தன. ஒன்று ஆறு மீட்டர், மற்றது பத்து. மூலையில் ஒரு கொக்கி, சுவர்களின் மறுமுனைகளில் ஒவ்வொரு கொக்கி. மூன்றுக்கும் நடுவே முக்கோணமாகத் துணியை இழுத்துக் கட்ட வேண்டும். சுவர்ப் பக்கம் இரண்டையும் அளந்தாயிற்று. மூன்றாவது பக்கத்துக்குக் குறுக்கே மாப்பிள்ளையின் லாரி! பலகை இறக்க வந்த இடத்தில் பழுதாகி, கூரை உயரச் சுமையோடு நின்றுவிட்டது. உதிரிபாகம் வந்தால்தான் நகரும்.

"உங்க மூத்த சம்சாரம் என்னைப் பார்த்ததும் படுத்துட்டாளே!" என்றாள் சித்தி.

லாரிக்கடியிலிருந்து மாப்பிள்ளையின் குரல் மட்டும் வந்தது. "புது ஆளைக் கண்டா அவ அப்படித்தான் முரண்டு பிடிப்பா."

அளக்க முடியாவிட்டால் கணக்குப் போட்டால் போச்சு. கடை மூலைகளுக்குச் சித்தி போடுகிற கணக்கு அது. ஒவ்வொரு பக்கத்தையும் அதாலேயே பெருக்கி, இரண்டையும் கூட்டி, வர்க்கமூலம் எடுப்பாள். முப்பத்தாறும் நூறும் நூற்று முப்பத்தாறு. பன்னிரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. கித்தானை விரித்து, சாக்கட்டியால் கோடு போட்டு, கத்தரியை எடுத்தாள்.

"நில்லும்மா!" மாப்பிள்ளையின் அக்கா ஓடி வந்தார். பள்ளியில் கணக்கு டீச்சர். "அந்த மூலையைப் பாரு, கொட்டாவி விடுற மாதிரி விரிஞ்சு கிடக்கு. உன் கணக்கு நேர் மூலைக்குத்தான்."

தெரு வளைவுக்குத் தக்கபடி கட்டிய வீடு அது. ஆயுசெல்லாம் நேர் மூலையிலேயே தைத்துப் பழகிய சித்தியின் கண் ஏமாந்துவிட்டது. கத்தரியைக் கீழே வைத்தாள்.

"இப்போ என்ன பண்றது அண்ணி?"

"கோசைன் விதின்னு ஒண்ணு இருக்கு. மூலை குறுகியிருந்தா கூட்டினதுல கொஞ்சம் கழிக்கணும். விரிஞ்சிருந்தா இன்னும் கொஞ்சம் சேர்க்கணும். ஆனா எவ்வளவு விரிஞ்சிருக்குன்னு தெரியணுமே? கோணமானி பள்ளிக்கூடத்துல. பள்ளிக்கூடம் லீவு."

சித்தி யோசித்தாள். "ரெண்டு சுவத்துலயும் மூலையிலேருந்து ஒரு மீட்டர் தள்ளிப் புள்ளி வெச்சு, குறுக்கே அளந்தா?"

"அட, அது போதுமே!"

அளந்தார்கள். ஒரு மீட்டர் எழுபத்துமூன்று சென்டிமீட்டர். அதை அதாலேயே பெருக்கினால் ஏறக்குறைய மூன்று. நேர் மூலையாக இருந்தால் ஒன்றும் ஒன்றும் இரண்டுதான் வந்திருக்கும்.

"ஒண்ணுக்கு ஒண்ணு சுவருக்கே ஒண்ணு கூடுது" என்றார் டீச்சர். "ஆறுக்குப் பத்துன்னா?"

"ஆறு பத்து அறுபது!"

நூற்று முப்பத்தாறோடு அறுபது, நூற்றுத் தொண்ணூற்றாறு. "பதினாலு!" என்று இருவரும் ஒன்றாகக் கத்தியதில் மாப்பிள்ளை லாரியில் தலையை இடித்துக்கொண்டார்.

"உங்க அக்கா இல்லேன்னா உங்க சொந்தக்காரங்க வெயில்ல வறுபட்டிருப்பாங்க" என்றாள் சித்தி அவரிடம்.

"நல்லதுதானே? நிழல் இருந்தா எங்க மாமா பந்தியை விட்டு எந்திரிக்கவே மாட்டாரு."

உதிரிபாகம் வந்து லாரி நகர்ந்துவிட்டதால், கல்யாணத்தன்று முற்றம் காலியாக இருந்தது. புதுப்புடவையோடு சித்தி ஏணியில் நின்றாள்.

"பொண்ணு ஏணியில ஏறுவாளா? இறங்குடி!" என்று பெரியம்மா கத்தினாள்.

"கடைசி வளையம் அக்கா, மாட்டிட்டு வந்துடறேன்."

துணி முனையின் வளையம் கொக்கிக்கு ஒரு சாண் முன்னால் நின்றுவிட்டது. டீச்சருக்கு முகம் வெளுத்தது.

"பயப்படாதீங்க அண்ணி, இழுத்துக் கட்டத்தான் குறைச்சுத் தெச்சேன்" என்று கயிற்றைக் கோத்து இழுத்தாள் சித்தி. துணி விறைத்து நின்றது. முற்றம் முழுக்க நிழல் இறங்கியது. டீச்சர் பள்ளிப்பிள்ளைபோல் கைதட்டினார்.

சித்தி ஏணியில் இருந்தபடியே சொன்னாள்: "மாப்பிள்ளையைக் கூப்பிடுங்க. இப்போ தாராளமா கல்யாணம் பண்ணிக்கலாம்."