மந்திரித்த பெட்டியை மிதிப்பது யார்?

கிடார் வாங்க வருகிறவர்கள் சிரித்துக்கொண்டே வருவார்கள். ஆம்ப்ளிஃபயர் வாங்க வருகிறவர்கள் மட்டும் பக்கத்து வீட்டுக்காரனோடு ஒரு கணக்குத் தீர்க்க வேண்டியது இருக்கிற மாதிரி வருவார்கள்.

பிள்ளைகள் வைத்த கடையில், "கொஞ்ச நேரம் உக்காரும்மா, இதோ வந்துட்றேன்" என்று உட்கார வைக்கப்பட்ட தாய்மார்களே, என் பாடு உங்களுக்குத்தான் புரியும். என் மகன் அருள் மஸ்கட்டில் வேலை பார்த்துவிட்டு வந்து, சந்தவாசலில் ஒரு முட்டைக் கடைக்குப் பக்கத்தில் இந்தக் கடையைப் போட்டான். இப்போது புதுசாக வருகிற சின்ன ஆம்ப்ளிஃபயர், காலால் மிதிக்கிற பெடல், ஒயர், கிடார் கம்பி, இவைதான் சரக்கு. "மாதா திருவிழாவுக்குள்ள வியாபாரம் பிடிச்சா இங்கயே இருக்கேன். இல்லன்னா திரும்ப மஸ்கட்தான்" என்று சொல்லிவிட்டான். மகளைக் கணியம்பாடியில் கட்டிக் கொடுத்தாயிற்று. வீட்டில் நானும் அவனும்தான். அவன் கொண்டுவந்த சூட்கேஸ் கட்டிலுக்கடியில் தயாராகவே இருந்தது. முழங்கால் போட்டு செபமாலை சொல்லும்போதெல்லாம் அது என் கையில் இடிக்கும்.

சோத்து டப்பா

மலை மேலே இருக்கிற நெல்லிவாசல்நாட்டிலிருந்து ஒருவர் வந்தார். கொஞ்ச தூரம் நடந்து, ஜீப் பிடித்து, பஸ் மாறி வந்திருக்கிறார். அவர்கள் ஊர்ப் பையன்கள் கிடார் கற்றுக்கொண்டு வந்திருக்கிறார்களாம். ஊர்ப் பொதுவில் ஒரு ஆம்ப்ளிஃபயர் வாங்க இவரை அனுப்பியிருக்கிறார்கள். கரண்ட் போனாலும் பாடுகிற மாதிரி, செல்போன் போலச் சார்ஜ் ஏற்றிக்கொள்கிற ஒன்றை எடுத்து வைத்தேன். மூணடுக்கு சோத்து டப்பா அளவுதான் இருக்கும்.

அவர் அதை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். பூசணிக்காயைத் தட்டுகிற மாதிரி தட்டிப் பார்த்தார். அருள் கிடாரை மாட்டி ஒரு இழுப்பு இழுத்தான். பக்கத்துக் கடைக்காரர் முட்டை அட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வந்தவருக்குச் சத்தத்தில் குறையே இல்லை. ஆனாலும் முகம் தெளியவில்லை.

"சத்தம் சரிம்மா. ஆனா இத்த கையில தூக்கினு போய் எறங்கினா, குடுத்த பணத்துக்கு இன்னாடா வாங்கியாந்தேன்னு கேப்பாங்க. பெரிய பொட்டியா, காலியா இருந்தாக்கூட ஒண்ணு குடுங்க, உள்ள வச்சிக்கிறோம்!"

மூன்றும் உறுமின

நான் ஒன்பதாவதோடு நின்றவள். இந்தச் சாமான்களில் எது என்ன செய்யும் என்பது எனக்கு மெதுவாகத்தான் பிடிபட்டது. கணியம்பாடியிலிருந்து ஒரு அப்பா, காலேஜ் படிக்கிற தன் மகள் வாங்கிப் போன டிஸ்டார்ஷன் பெடலைத் திருப்பிக் கொண்டுவந்தார். உள்ளங்கை அளவு இரும்புப் பெட்டி அது. "இதுல மாட்டினா கிடார் தொண்டை கட்டின மாதிரி உறுமுதும்மா. கெட்டுப்போன சாமானைக் குடுத்துட்டீங்க" என்றார்.

போட்டுப் பார்த்தேன். உண்மைதான், உறுமியது. எனக்கு வெட்கமாகப் போயிற்று. வேறொன்று எடுத்து மாட்டினேன், அதுவும் உறுமியது. மூன்றாவதும் உறுமியபோது, லோடு முழுக்கக் கெட்டுப்போயிருக்கிறதே, என் பிள்ளை ஏமாந்துவிட்டானே என்று கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அந்த நேரம் அருள் வந்தான். நல்ல சத்தத்தைக் கரகரப்பாக்குவதற்குத்தான் அந்தப் பெட்டியே. ஒரு மிதி மிதித்தால் உறுமும், இன்னொரு மிதி மிதித்தால் பழையபடி ஆகிவிடும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து விளக்கினான். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நல்லா இருக்கறத கெடுக்கறதுக்கு தனியா ஒரு பொட்டியா? அதுக்கு எங்க வூட்ல என் மச்சான் இருக்கான் தம்பி, கரண்ட்டே இல்லாம செய்வான்."

சுட்ட கால்

முருகன் என்று ஒருவர், கோயில் திருவிழாக்களில் ஆர்கெஸ்ட்ராவில் கிடார் வாசிக்கிறவர். பெடல் வாங்கின வருஷமே ஆயுத பூசைக்கு அதற்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார். குங்குமம் சுவிட்சுக்குள் இறங்கிவிட்டது. அருள் அதைப் பல் தேய்க்கிற பிரஷ்ஷால் சுத்தம் செய்து கொடுத்தான். "பூசைக்கு வச்சிட்டு எப்படிண்ணா மிதிக்கிறீங்க?" என்று கேட்டான்.

அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, பெடலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அப்புறம்தான் மிதிப்பாராம். படவேட்டுப் பக்கம் ஒரு திருவிழாவில் உச்சி வெயிலில் தார் ரோட்டில் வாசிக்க வேண்டி வந்திருக்கிறது. அப்போதும் செருப்பு இல்லை.

"கால் சுடுதுன்னு குதிச்சேன்ம்மா. ஜனங்க டான்ஸுன்னு நெனச்சி விசில் அடிச்சிட்டாங்க. இப்போ போற எடமெல்லாம் அந்த டான்ஸக் கேக்கறாங்க!"

உறுமிய பூசை

சிரித்துக்கொண்டிருந்த எங்களுக்கும் ஒரு நாள் வந்தது. எங்கள் பங்குக் கோயில் பாடகர் குழுவில் கிடார் வாசிக்கிற பீட்டர், ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன், எலக்ட்ரீஷியன் வேலை. எங்களிடம் ஒரு ஆம்ப்ளிஃபயரும் ஒரு டிஸ்டார்ஷன் பெடலும் வாங்கினான். புது வண்டி, புது மோட்டார் வாங்கினால் பங்குச் சாமியாரிடம் கொண்டுபோகிற மாதிரி இரண்டையும் கொண்டுபோய் மந்திரித்துத் தீர்த்தம் தெளித்து வாங்கிக்கொண்டான். மற்ற கிளைக் கோயில் பாடகர் குழுக்களும் எங்கள் கடையில் சொல்லி வைத்திருந்தார்கள். திருவிழாவுக்கு இன்னும் சில வாரம்தான். என் செபம் கேட்கப்பட்டுவிட்டது என்றே நினைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகைப் பாட்டு கம்பீரமாக இருக்கட்டும் என்று பீட்டர் பெடலைக் கையால் முன்கூட்டியே போட்டு வைத்திருந்தான். பாட்டு முடிந்ததும் அணைக்க வேண்டும். காலைத் தூக்கினான். மந்திரித்தது நினைவுக்கு வந்தது. காலை இறக்கிவிட்டான். கழுத்தில் கிடார், எதிரே பீடம், குனியவும் கூச்சம். வாசிப்பதை நிறுத்தினால் பாடுகிறவர்கள் சுருதியை விட்டுவிடுவார்கள். கிடாரில் சத்தத்தைக் குறைத்தான். உறுமல் போகவில்லை, மெதுவாக உறுமியது. "ஆண்டவரே இரக்கமாயிரும்" உறுமியது. நற்கருணைப் பாட்டும் உறுமியது. பூசை முடிந்ததும் சாமியார், "இனிமே கோயில்ல கிடார் வேணாம், ஆர்மோனியம் போதும்" என்று சொல்லிவிட்டார். சாயங்காலத்துக்குள் கிளைக் கோயில்காரர்கள் ஒவ்வொருவராகப் போன் செய்து, எங்களுக்கு வேண்டாம் என்றார்கள். அருள் சூட்கேஸை இழுத்துத் தூசி தட்டினான்.

பீட்டர் கடை வாசலில் வந்து நின்றான். "ஏன் நைனா, ஒரு மிதி மிதிச்சிருந்தா முடிஞ்சிருக்குமே" என்றேன்.

"எப்பிடிம்மா மிதிக்கிறது? நீங்களா இருந்தா மிதிப்பீங்களா?"

சாமியாரின் செருப்பு

மிதித்திருக்க மாட்டேன். அதனால்தான் மறுநாள் பீட்டரையும் அந்தப் பெட்டியையும் கூட்டிக்கொண்டு சாமியார் வீட்டுக்குப் போனேன். போகிற வழியெல்லாம் "அருள் நிறைந்த மரியே" என்று செபம் சொல்லிக்கொண்டே போனேன். எனக்குக் கோர்வையாகப் பேச வராது. "சாமி, அவன் திமிருல வாசிக்கல. நீங்க மந்திரிச்சிக் குடுத்ததுக்கு பயந்து வாசிச்சிட்டான்" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பீட்டர் தலையைக் குனிந்துகொண்டு நடந்ததைச் சொன்னான்.

"இவ்ளோதானா? நான் வேணும்னே பண்றான்னு நெனச்சேன்" என்றார் சாமியார். "சர்ச்சுத் தரையும் மந்திரிச்சதுதான், அதுமேல நடக்கல? மிதி." பீட்டர் சுவரோடு ஒட்டிக்கொண்டான். "சரி, நீங்க மிதிங்கம்மா." நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பின்னால் நகர்ந்தேன். "என்ன ஜனங்க நீங்க! தள்ளுங்க, நானே மிதிக்கிறேன்" என்று எழுந்து வந்தார். பெட்டிக்கு முன்னால் நின்றார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். காலைத் தூக்கினார். தூக்கின கால் அப்படியே நின்றது. தன் வெறுங்காலைப் பார்த்தார், ஓரத்தில் கிடந்த செருப்பைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். பிறகு ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள், சமையல்காரம்மா உள்ளேயிருந்து ஓடி வந்துவிட்டார்.

பூச்சாடி வைக்கிற ஸ்டூல் ஒன்றை அவரே எடுத்துக் கொடுத்தார். இப்போது பெட்டி அதன்மேல்தான் இருக்கிறது. பக்கத்தில் நின்று பாடுகிற பீட்டரின் மனைவி நேரம் பார்த்து விரலால் அழுத்துகிறாள். கோயிலுக்குக் கிடாரும் திரும்பி வந்துவிட்டது. அன்றைக்கு வாசல் வரைக்கும் வந்து சாமியார் சொன்னது இதுதான்:

"பீட்டரு, வூட்லயும் எப்ப ஆரம்பிக்கணும் எப்ப நிறுத்தணும்னு அந்தம்மாதானே சொல்றாங்க? அப்புறம் இன்னா கஷ்டம்!"

பெரிய பொட்டி

கிளைக் கோயில்காரர்கள் மறுபடி போன் செய்தார்கள். திருவிழாவுக்கு முந்தின வாரம் எனக்குச் சாப்பிடக்கூட நேரமில்லை. திருவிழா முடிந்த மறுநாள், அன்றைக்கு வாங்காமலே போன நெல்லிவாசல்நாட்டுக்காரர் மறுபடியும் வந்தார், அதே சோத்து டப்பா ஆம்ப்ளிஃபயருக்கு, அதே மனக்குறையோடு. அருள் அவரை உட்காரச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனான். மஸ்கட் சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஸ்பீக்கர் இருக்கிற இடத்துக்கு நேராக அதில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டான். கத்தியை எடுத்தான்.

"ஏம்பா, ஓட்டை போட்டா அப்புறம் ஏர்போட்டுக்கு ஆகாதே" என்று கேட்டேன். "ஆகாதும்மா" என்று சொல்லிக்கொண்டே அறுத்தான். ஆம்ப்ளிஃபயரை உள்ளே வைத்துத் துணி சுற்றி, மூடி, சக்கரத்தில் உருட்டிக் காட்டினான். மலைக்காரர் அதைக் கடைக்குள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இழுத்துப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"இப்பதான்ம்மா சாமான் மாதிரி கீது!"

ஆகவே தாய்மார்களே, இப்போதெல்லாம் யார் பெடல் வாங்க வந்தாலும், செருப்புக் காலோடு இங்கேயே ஒரு மிதி மிதித்துவிட்டுக் கொண்டுபோங்கள், அதற்கப்புறம் மந்திரிப்பதும் பொட்டு வைப்பதும் உங்கள் இஷ்டம் என்று சொல்லித்தான் விற்கிறேன், அவர்கள் மிதிக்கிற நேரத்தில் மட்டும் அந்தப் பக்கம் திரும்பி ஒரு சிலுவை போட்டுக்கொள்கிறேன்.