எண்ணெயில் பார்த்த முகம்

எங்கள் வீட்டில் மூன்றாவதாக வந்தவள் கழுத்தில் தொப்புள்கொடி சுற்றிக்கொண்டு பிறந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார்கள். "கொடி சுத்தியிருந்துச்சு, எடுத்துட்டோம், குழந்தை நல்லா இருக்குது" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்கள். ஆனால் பக்கத்தில் என் அத்தை நின்றுகொண்டிருந்தாள். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. பிரசவத்துக்கு உதவியாகத் திருப்புட்குழியிலிருந்து வந்திருந்தாள். "ஐயையோ, மாமனுக்கு ஆவாதே" என்று அவள் வாயில் கை வைத்தாள். வினை அங்கே ஆரம்பித்தது.

கொடி சுற்றிப் பிறந்த குழந்தையைத் தாய்மாமன் நேருக்கு நேர் பார்க்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. முதலில் கிண்ணத்து நல்லெண்ணெயில் குழந்தையின் முகத்தை நிழலாகப் பார்க்க வேண்டும். பிறகுதான் திரும்பி நிஜ முகத்தைப் பார்க்கலாம். இல்லாவிட்டால் மாமன் உயிருக்கே ஆபத்து என்பார்கள். எனக்கு அப்போது பத்து வயது, தம்பிக்கு ஐந்து. அத்தை சொன்னதைக் கேட்டு நான் சிரித்தேன். யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்றே தெரியாமல் பேசுகிறாளே இந்த அத்தை என்று நினைத்தேன்.

என் மாமாவுக்கு எதிலும் நம்பிக்கை கிடையாது. ஒரு நாள் என் தோளில் பல்லி விழுந்துவிட்டது. பெருமாள் கோயிலுக்குப் போய்த் தங்கப் பல்லியைத் தொட்டுவிட்டு வந்தால் தோஷம் போய்விடும் என்று எதிர்வீட்டு அக்கா என்னை இழுத்தாள். மாமா வழிமறித்தார். "விழுந்தது பல்லி, அடிபட்டது பல்லிக்கு. தோஷம் மட்டும் இவளுக்கா?" என்று கேட்டார். தெருவே சிரித்தது. இன்னொரு முறை, கிரகணத்தன்று, எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு பட்டினி கிடந்தபோது, என்னை நடுத்தெருவில் நிறுத்தி, பன்னை இரண்டாகப் பிய்த்து, பாதியை என் கையில் கொடுத்து, மீதியை அவர் தின்றார். அம்மா கதவிடுக்கில் நின்று, "டேய், குழந்தைக்கு ஏதாவது ஆயிடப் போவுதுடா" என்று கெஞ்சினாள். "ஒண்ணும் ஆவாதுக்கா. நீயும் வா, ஜாம் வெச்சுத் தரேன்" என்றார். எனக்கு ஒரு வயிற்றுவலிகூட வரவில்லை. அன்றிலிருந்து நான் மாமா கட்சி.

அவர் எங்களோடுதான் இருந்தார். அம்மாவுக்குப் பிறந்த வீடு என்று எதுவும் இல்லை. தாயும் தகப்பனும் போன பிறகு தம்பியை அவள்தான் வளர்த்தாள். கல்யாணமாகி வரும்போது கையோடு கூட்டிக்கொண்டும் வந்துவிட்டாள். "சீரோட வந்த மருமகளப் பார்த்திருக்கோம், தம்பியோட வந்தவள இப்பத்தான் பார்க்குறோம்" என்று அத்தை வரும்போதெல்லாம் குத்திக் காட்டுவாள். அம்மா அடுத்த வேளை தம்பிக்கு ஒரு கரண்டி அதிகமாகப் போடுவாள்.

அப்பா வீட்டிலேயே தறி போட்டிருந்தார். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று நெய்கிற பட்டுப் புடவையை ஒரு ஆள் நெய்ய முடியாது. அப்பா உடலுக்கான நாடாவை, அதாவது நூல் வைத்த ஓடத்தை, ஓட்டுவார். பக்கத்தில் உட்காருகிறவர் கரைக்கான நாடாவைத் தள்ளிக் கொடுக்க வேண்டும். கோர்வை போடுவது என்போம். கல்யாணமான நாளிலிருந்து அந்த இடம் அம்மாவுடையது. வயிறு பெரிதாகிக் குனிய முடியாமல் போனதும் மாமா அங்கே வந்து உட்கார்ந்தார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து அவர் பக்கத்தில் ஒட்டிக்கொள்வேன்.

"பாப்பா பொறந்தா மொதல்ல யாரு மாமா தூக்குவாங்க?" என்று கேட்பேன்.

"மொதல்ல நானு. அப்புறம் நீ. உங்க அத்தைக்குக் கடைசியிலதான்" என்பார்.

இதுதான் எங்களுக்குள் ஒப்பந்தம். குழந்தை வந்தால் என்னை யாரும் கவனிக்க மாட்டார்கள் என்ற பயம் எனக்கு இருந்தது. ஆனால் மாமாவுக்கு அடுத்து நான் என்று கேட்டதும் அந்தப் பயம் போய்விட்டது. அவர் வாக்கை நான் அவ்வளவு நம்பினேன்.

ஆட்டோவில் குழந்தை வந்து இறங்கிய அன்று மாமா வீட்டில் இல்லை. ஆணியில் தொங்கும் அவர் சட்டைகளும் இல்லை. "ஓரிக்கையில சிநேகிதன் வீட்டுல ஏதோ வேலையாம், ரெண்டு நாள்ல வந்துடுவான்" என்று அப்பா சுவரைப் பார்த்துச் சொன்னார். அம்மா தறிக்கு மேல் உத்திரத்தில் பழைய புடவையை ஏணையாகக் கட்டிக் குழந்தையை அதில் போட்டாள். இரண்டு நாள் என்றது வாரமாயிற்று. ஒவ்வொரு வேளையும் பத்தியச் சோற்றைப் பிசைந்துகொண்டே, "தம்பி சாப்பிட்டிருப்பானா?" என்று யாரிடமோ கேட்பதுபோல் கேட்பாள்.

கோர்வை போட ஆளில்லாமல் தறி நின்றுவிட்டது. பாதிப் புடவை அப்படியே கிடந்தது. அதைவிட வேடிக்கை, தறி ஓடாவிட்டால் பாப்பா தூங்க மாட்டேன் என்றாள். வயிற்றுக்குள் இருந்தபோதே அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பழகிவிட்டாள் போலிருக்கிறது. அப்பா இழை ஓட்டாமல் வெறும் மிதியை மட்டும் டக், டக் என்று மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பெற்ற பிள்ளையைத் தூங்க வைக்க ஒரு மனிதன் இப்படி வெறும் தறியை மிதிக்க வேண்டியிருந்ததே என்று இப்போது நினைத்தாலும் எனக்கு மாமாமேல் பற்றிக்கொண்டு வருகிறது. அப்போது வரவில்லை. அப்போது என் கோபமெல்லாம் அத்தைமேல்தான்.

"அவனக் கூப்பிட்டு எண்ணெயில காட்டிட்டா முடிஞ்சுது" என்று அவள் தினமும் சொல்வாள்.

"மாமா அதெல்லாம் பார்க்க மாட்டாரு. வேலையா இருக்காரு, அதான் வரல. எண்ணெயக் கொண்டாந்தீங்கன்னா நான் எடுத்துக் கொட்டிடுவேன்" என்றேன்.

"முளைச்சு மூணு இலை விடல, வாயப் பாரு" என்றாள் அத்தை.

தெருக்குழாயிலும் இதே பேச்சுதான். "இன்னா, உங்க மாமன் வந்து பார்த்துச்சா? பயந்துக்கினு ஓடிப்போச்சாமே?" என்று கேட்பார்கள். நான் குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சண்டைக்கு நிற்பேன். "எங்க மாமாவா? பயமா? கிரகணத்துல பன்னு தின்னவரு எங்க மாமா. நீங்கதான் கதவச் சாத்திக்கினு கெடந்தீங்க" என்பேன். என்னிடம் வாய் கொடுத்து யாரும் மீள முடியாது. ஊர் முழுக்க அவருக்காக வக்காலத்து வாங்கிக்கொண்டு திரிந்தேன்.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது டீக்கடையில் அவரைப் பிடித்துவிட்டேன். கையில் கிளாஸோடு நின்றவர் என்னைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் எங்கே ஒளிவது என்று பார்த்தார். அது எனக்கு அன்றைக்குப் புரியவில்லை.

"எப்ப மாமா வருவ? பாப்பாவ இன்னும் நான் தூக்கல. நீ தூக்குனப்புறந்தான்னு வெச்சிருக்கேன்" என்றேன். உண்மைதான். அம்மா மடியில் வைக்கிறேன் என்றபோதுகூட மறுத்துவிட்டேன்.

"வேலை இருக்குது பாப்பா. முடிஞ்சதும் ராஜா மாதிரி வரேன் பாரு."

"அத்தை உன்ன எண்ணெயில பார்க்கச் சொல்லுது. அதெல்லாம் நடக்காதுன்னு நான் சொல்லிட்டேன்."

"கரெக்ட். அப்படித்தான் சொல்லணும்" என்று என் தலையைத் தட்டினார். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை, டீயைத்தான் பார்த்தார். ஒரு பிஸ்கட் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

வீட்டில் காரியத்தைக் கெடுத்தது, இல்லை, முடித்தது, என் தம்பி. அன்று சாயங்காலம் அம்மா பாப்பாவுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து குழந்தையின் காலை நோண்டிக்கொண்டே, "இந்தப் பாப்பாவ ஆஸ்பத்திரியிலயே திருப்பிக் குடுத்துடலாமா? அப்ப மாமா வந்துடுவாரு இல்ல?" என்று கேட்டான். அவனுக்கு அதில் விஷமம் ஒன்றுமில்லை, நிஜமாகவே யோசனை சொன்னான். அம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அப்பா தெருப்பக்கம் எழுந்து போய்விட்டார்.

மறுநாள் விடுமுறை. காலையில் அம்மா என்னைக் கூப்பிட்டு, "பாப்பாவுக்கு வசம்பு வேணும், கோயில்கிட்ட இருக்குற நாட்டுமருந்துக் கடையிலயே வாங்கிக்கினு வா, நம்ம தெருக் கடையில நல்லா இல்ல" என்றாள். வெயிலில் அவ்வளவு தூரம் போனேன். கடை பூட்டியிருந்தது. திரும்பி வந்தால் பட்டப்பகலில் எங்கள் வாசற்கதவு தாழ் போட்டிருந்தது. சந்து வழியாகச் சுற்றிப் புழக்கடைக்குப் போனேன். படல் இடுக்கில் எல்லாம் தெரிந்தது.

துணி துவைக்கிற கல்மேல் மாமா உட்கார்ந்திருந்தார். மடியில் பித்தளைக் கிண்ணம், நிறைய நல்லெண்ணெய். அவருக்கு முதுகுப் பக்கமாக அம்மா நின்று, பாப்பாவை அவர் தோளுக்கு மேலே நீட்டிப் பிடித்திருந்தாள். பச்சை உடம்புக்காரி, காலில் செருப்பில்லாமல், வெயிலில் நின்றிருந்தாள். அத்தை கிண்ணத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கைய ஆட்டாதடா. எண்ணெய் நின்னாத்தான் முகம் தெரியும்" என்றாள் அம்மா. சோறு ஊட்டுகிற குரல்.

"மூக்கு தெரியுதுக்கா."

"மூக்கு மட்டும் போதாது. முழுசாப் பாரு. அவசரமில்ல."

அவர் கிண்ணத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தார். கிரகணத்தில் பன் பிய்த்த அதே கை.

"மொத நாளே இத முடிச்சிருக்கலாம்" என்றாள் அத்தை. "கொடி சுத்திக்கினு பொறந்துச்சுன்னதும் நீதான என்கிட்ட சொல்லி அனுப்புன, எண்ணெயில காட்ட ஏற்பாடு பண்ணுங்கன்னு. இந்தப் பொண்ணு குறுக்க நின்னுக்கினு ஊரக் கூட்டிடுச்சு."

"அக்கா, அவளுக்கு மட்டும் இது தெரிய வேணாம்க்கா" என்றார் மாமா.

"எவளுக்கு?" என்றாள் அத்தை.

"பெரியவளுக்குத்தான். ஊரெல்லாம் என்னப் பத்திப் பெருமையாச் சொல்லிக்கினு இருக்குறா."

"தெரியாதுடா. அதுக்குத்தான வசம்பு வாங்க அனுப்பியிருக்கேன்" என்றாள் அம்மா.

"வசம்பு உள்ள ஒரு டப்பா இருக்குது" என்று அத்தை சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். மாமாவும் சிரித்தார். எண்ணெய் ஆடியது, மறுபடி நிற்கும்வரை காத்திருந்து பார்த்தார்கள்.

நான் படலைத் திறக்கவில்லை. கோயில் குளத்துப் படியில் போய் உட்கார்ந்தேன். அழுகை வந்தது, ஆனால் அதைவிட அதிகமாக வெட்கம் வந்தது. குழாயடியில் நான் பேசிய ஒவ்வொரு பேச்சும் திரும்பி வந்து என்னையே அறைந்தது. பயப்படுவது தப்பே இல்லை. பயமாக இருக்கிறது பாப்பா என்று டீக்கடையில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பேன். கரெக்ட் என்று தலையைத் தட்டி அனுப்பினாரே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

சாயங்காலம் சொன்னபடி ராஜா மாதிரி வந்தார். வாசல் வழியாக, பையும் சட்டையுமாக, தெருவுக்கே கேட்கிற குரலில், "எங்க என் மருமவ?" என்று கேட்டுக்கொண்டு வந்தார். எதிர்வீட்டு அக்கா பின்னாலேயே வந்து வாசற்படியில் நின்றாள். மாமா நேராக ஏணையிலிருந்து பாப்பாவை அள்ளி, முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

"பரவாயில்லையே, எண்ணெய் கிண்ணெய் ஒண்ணும் பார்க்கலையா?" என்றாள் அந்த அக்கா.

"அதெல்லாம் உங்களுக்குத்தான்க்கா" என்று சொல்லிவிட்டு மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

அம்மா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. "என் தம்பி அதெல்லாம் பார்க்குறவன் இல்லக்கா" என்று அவளும் சேர்ந்து சொன்னாள். பாப்பாவை மறுபடி ஏணையில் விட்டார்கள். அப்பா தறிக்குழியில் இறங்கினார், மாமா பக்கத்தில் உட்கார்ந்தார். கோர்வை ஓடத் தொடங்கியது. நாலு தட்டு விழுவதற்குள் பாப்பா தூங்கிவிட்டாள்.

அப்பா இழையைச் சரி பார்க்க நிறுத்திய இடைவெளியில் மாமா பையிலிருந்து பன்னை எடுத்தார். இரண்டாகப் பிய்த்தார். மறுபடி தறி ஓட, ஒரு கையால் நாடாவைத் தள்ளிக்கொண்டே மறுகையால் பாதியை என்னிடம் நீட்டினார். "இந்தா பாப்பா. நம்ம கட்சி" என்றார்.

நான் கை நீட்டவில்லை. "எண்ணெயில பார்த்துட்டுக் குடு மாமா" என்றேன்.

நாடா அவர் கையிலேயே நின்றது. தறி நின்றது. வாசற்படியில் இருந்த எதிர்வீட்டு அக்கா, "இன்னாது?" என்று கழுத்தை நீட்டினாள். சத்தம் நின்றதும் ஏணையில் பாப்பா வீலென்று கத்த ஆரம்பித்தாள். மாமா என்னைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார். அந்தச் சொல்லுக்காக நான் இன்றுவரை வருத்தப்பட்டதில்லை.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். பாப்பாவைத் தூக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். என் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். அதற்கு முன் அவள் என்னை அடித்ததே இல்லை.

"நீ நெய்டா" என்றாள் மாமாவிடம், என் பக்கம் திரும்பாமலே. "தறி ஓடுனாத்தான் குழந்தை தூங்கும்."

தறி ஓடியது. பாப்பா தூங்கினாள். என் பங்குப் பன்னை எடுத்து என் தம்பி தின்றுகொண்டிருந்தான்.