பிரெஞ்சில் எழுதினால் யார் படிக்கப்போகிறார்கள்

எழுதினால் மனபாரம் குறையும் என்று சொன்ன டாக்டரம்மாவை ஏஸ்தெல் இன்றுவரை குறை சொல்வதில்லை. அந்தம்மா என்ன செய்வார், பாவம்! வயிற்றுப் பிள்ளை கலைந்து, தூக்கம் தொலைத்து எதிரே வந்து உட்கார்ந்தவளுக்கு ஏதாவது ஒரு வழி சொல்ல வேண்டாமா?

ஏஸ்தெல்லின் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். அந்த வழியில் அவளுக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை. உப்பளம் பகுதியில் இருந்த பிறந்த வீட்டில் அவளுக்குப் பேச்சு தமிழ், படிப்பு பிரெஞ்சு. உழவர்கரையில் நெடுமாறனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டிலோ பிரெஞ்சு வாசனையே கிடையாது. மாமியார் சின்னப்பாப்பாவுக்குத் தமிழ் எழுத்தே தடவல். அதனால் டைரியைப் பிரெஞ்சில் எழுதினாள். ஒளித்து வைக்கக்கூட இல்லை, டிவி மேலேயே கிடந்தது. மாமியாரின் குத்தல் பேச்சு, பிள்ளை போனதற்குப் புருஷன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதது, எல்லாவற்றையும் அதில் கொட்டினாள். சும்மா சொல்லக்கூடாது, தூக்கம் வந்தது. சோறும் இறங்கியது.

நெடுமாறன் அப்போது பிரெஞ்சுக் குடியுரிமைக்கு மனுப் போட்டிருந்தான். பிரெஞ்சுக்காரியைக் கட்டியவனுக்கு அந்த உரிமை உண்டு, ஆனால் நேர்காணலில் பிரெஞ்சு பேசிக் காட்ட வேண்டும். டியூஷன் போனான். வீட்டுப்பாடத்தை அவள்தான் திருத்தினாள். வரிக்கு வரி தப்பு. இது தேறுகிற கேஸ் இல்லை என்று சிரித்துக்கொள்வாள்.

2006 கோடையில் பிரெஞ்சுத் தூதரகத்திலிருந்து இருவரையும் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். உங்கள் இல்லற வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார் அதிகாரி. நெடுமாறன் தொண்டையைச் செருமிக்கொண்டு பிரெஞ்சில் ஆரம்பித்தான். "குழந்தைக்கு நான் ரகசியமாக ஒரு பெயர் வைத்திருந்தேன். யாருக்கும் சொல்லவில்லை. துணி மடிக்கும்போது இன்னும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறேன்."

ஒரு தப்பு இல்லை, தடுமாற்றம் இல்லை. அத்தனையும் ஏஸ்தெல் டைரியில் எழுதிய வரிகள்! அந்தப் பெயரையும் சொன்னான். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவனுக்கு ஆறுதல் சொன்னார். அவனும் கண்ணைத் துடைத்துக்கொண்டான், படுபாவி.

வெளியே ஸ்கூட்டர் பக்கத்தில் வந்ததும் அவள் கேட்டாள்.

"எப்பலேர்ந்து படிக்கிறீங்க?"

"டியூஷன் சேர்ந்ததுலேர்ந்து. அந்தப் புக்கு ஒண்ணும் மண்டையில ஏறல. நீ எழுதுறது சுலபமா இருந்துச்சு, மனப்பாடம் பண்ணிட்டேன்."

"புள்ளைய பத்திப் படிச்சீங்களே, என்கிட்ட வந்து ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"கேட்டா நீ எழுதுறத நிறுத்திட்டிருப்பியே?" என்று சொல்லி வண்டியை உதைத்தான்.

அடப்பாவி, கூடவே படுத்து எழுந்தவன் செய்கிற காரியமா இது! அன்றோடு எழுதுவதை விட்டாள். ஆனால் அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று. துணி மடிக்கும்போது பிள்ளையைக் கூப்பிட வாயெடுத்தால், அந்தப் பெயர் அவன் குரலில்தான் கேட்டது.