கல்லறைப் பெரட்டு

என்னைப் பலி கொடுக்கப் போகிறார்கள் என்று நான் மூன்று நாள் முழுசாக நம்பினேன். சிரிக்க வேண்டியவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். அந்த மூன்று நாளும் யார் எதைக் கேட்டாலும் நான் தலையாட்டவில்லை. டீ வேண்டுமா என்று கேட்டால்கூடக் கழுத்தை விறைத்துக்கொண்டு, "வேணும்" என்று வாயால்தான் சொன்னேன்.

நான் சங்கரன்கோவில் பக்கத்து ஆள். நான்கு வருடமாகக் கடல் தாண்டி வந்து, கோலா கெத்திலில் ஒரு சலூனில் முடி வெட்டுகிறேன். ஊரில் என் இங்கிலீஷை யாரும் குறை சொன்னதில்லை. கட் என்றால் கட், சேவ் என்றால் சேவ். இங்கே வந்த முதல் வாரம் ஒரு வாடிக்கையாளர், "அண்ணே, சுங்கை பட்டாணி ரோட்டுல ஒருத்தன் என்னைய கட் பண்ணிட்டான்லா" என்றார். நான் அவர் மண்டையைத் தடவிக் காயம் தேடினேன். காரில் முந்திப் போவதுதான் இங்கே கட். "ஞாயித்துக்கெழம எங்கள ஃபாலோ பண்ணுங்க" என்றார்கள் இன்னொரு வீட்டார். அவர்கள் காருக்குப் பின்னால் திகாம் பத்து வரைக்கும் மழையில் மோட்டாரை ஓட்டிக்கொண்டு போனேன். காருக்குள் எனக்கென்று ஓர் இடம் காலியாகவே வந்துகொண்டிருந்தது. கூட வருவதுதான் ஃபாலோ. தெரியாத சொல் ஆளைப் பயமுறுத்துவதில்லை. நன்றாகத் தெரிந்த சொல் அதே முகத்தோடு வந்து வேறு யாரோபோலப் பேசும்போதுதான் முதுகு சில்லிடுகிறது.

அந்த வருடம்தான் நான் பழைய ரப்பர் தோட்டத்து ஓரத்தில், பிலோமினா அக்கா வீட்டுப் பின்னறைக்குக் குடிவந்திருந்தேன். அக்கா முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். புருசன் போய்ச் சேர்ந்துவிட்டார். கல்லறைத் திருநாளுக்கு மூன்று நாள் முன்பு, நான் பசியாறிக்கொண்டிருந்தபோது, "தம்பி, ஒங்கப்பா பேரென்ன?" என்றார்.

"சுடலைமுத்து. ஏங்க்கா?"

"வேணும்லா." பிறகு என் தோளைக் கண்ணால் அளந்தார். "லாஸ்ட் டைம் அந்த ரூம்ல ஒரு அண்ணன் இருந்தாரு. அவருக்கும் ஒன் ஒயரந்தான்."

இங்கே லாஸ்ட் டைம் என்றால் போன தடவை இல்லை, ஒரு காலத்தில் என்று அர்த்தம். அது எனக்கும் தெரியும். ஆனால் வேலைக்குக் கிளம்ப அறைக்குள் போனபோது, என் கட்டிலில் ஒரு வெள்ளைச் சட்டை நீட்டிப் படுக்க வைத்திருந்தது. துவைத்துத் தேய்த்து, பொத்தானெல்லாம் போட்டு, இரண்டு கையும் நெஞ்சின்மேல் மடக்கி.

அன்று மத்தியானம் சவரி அண்ணன் சவரத்துக்கு வந்தார். அக்காவின் தமையன், தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கிய பழைய மண்டோர், இப்போது தேவாலயத்துக் கல்லறையைப் பார்த்துக்கொள்கிறவர். மடியில் வைத்திருந்த நீள நோட்டை என் மேசைமேல் விரித்துப் போட்டு, கழற்றிய கண்ணாடியை அதன்மேல் வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். பக்கம் முழுக்கப் பெயர்கள். பெயர்களுக்கு முன்னால் சின்னச் சின்னச் சிலுவைகள். கடைசி வரியில், ஈரம் காயாத நீல மையில்: சு. மாடசாமி. நான்தான்.

கத்தி அவர் தொண்டையில் நின்றது.

"என்னய்யா, கத்திய நிறுத்திட்ட?"

"அண்ணே, இதுல என் பேரு இருக்கு."

"இருக்கணும்லா. அக்காதான் குடுத்தா. இந்த வருசம் ஒன்ன விட்டா ஆளில்ல." கண்ணை மூடிக்கொண்டே சொன்னார். "காலைல ஏழு மணிக்கு. வெள்ளச் சட்டை போட்டுக்க. நாங்களே வந்து சென்ட் பண்றோம்."

ஓர் ஆளைக் கொண்டுபோய் ஓர் இடத்தில் விடுவதுதான் இங்கே சென்ட். எந்த இடத்தில் என்பதுதான் என் கவலை.

எங்கள் ஊரில் சுடலைமாடனுக்கு நேர்ந்துவிட்ட கடாவைக் கோயில் கொடையன்று குளிப்பாட்டி மாலை போட்டு நிறுத்துவார்கள். மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டுச் சுற்றி நின்று காத்திருப்பார்கள். அது தலையைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் சம்மதம். சிறு வயதில் முன்வரிசையில் நின்று, 'ஆட்டாதே, ஆட்டாதே' என்று மனசுக்குள் சொல்லியிருக்கிறேன். ஒரு கடாவும் என் பேச்சைக் கேட்டதில்லை. இப்போது அக்கா என் தட்டில் மீனை வைத்துவிட்டு, "வந்துருவல்ல தம்பி? சரிதானே?" என்று என் முகத்தையே பார்த்தபோது, கழுத்து தானாக ஆடப் பார்த்தது. பல்லைக் கடித்து நிறுத்தினேன்.

ஊருக்குப் போன் போட்டுச் செல்வியிடம் சொன்னேன். என் மனைவி முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். "ஒம்மள வெட்டி யாருக்குப் பங்கு வைக்கப் போறாவ? எலும்புதான் மிஞ்சும்" என்றாள். பிறகு கொஞ்சம் குரல் தணிந்து, "எதுக்கும் தலைய ஆட்டாதீரும்" என்றாள்.

ஓடியிருக்கலாம்தான். பாஸ்போர்ட் முதலாளியிடம், பயம் என்னிடம். திருநாளன்று காலை சட்டையைப் போட்டேன். எனக்கென்றே தைத்ததுபோல இருந்தது, அதுதான் பிடிக்கவில்லை.

கல்லறை பால்மரங்களுக்கு நடுவே. பனி முழங்கால் உயரம். நாற்பது ஐம்பது பேர் கல்லறைகளைப் பார்த்து வரிசையாக நின்றார்கள். அந்தக் காலத்தில் தோட்டத்தில் வேலைக்குப் போகுமுன் ஆள் எண்ணுவதற்கு இப்படி நிறுத்துவார்களாம். அதற்குப் பெரட்டு என்று பெயர். சவரி அண்ணன் நோட்டை விரித்து, நான் கேட்டேயிராத ஒரு மண்டோர் குரலில் கத்தினார்.

"மரியதாஸ்!"

"பிரசண்ட்!" என்றாள் ஒரு பெண், கல்லறையின் தலைமாட்டில் நின்று.

"அருளம்மா!"

"பிரசண்ட்!"

எனக்குப் பள்ளிக்கூடத்தில் பிரசண்ட் என்றால் வந்திருக்கிறேன், கல்யாண வீட்டில் பிரசண்ட் என்றால் பரிசு. செத்தவர்கள் சொல்லும் பிரசண்டை அன்றுதான் கேட்டேன். பனிக்குள் யார் வாயிலிருந்து வருகிறது என்றே தெரியவில்லை.

"அக்கா," என்றேன், முன்னால் நின்றவரிடம். "என்னைய எப்பக் கூப்பிடுவாங்க?"

அக்கா திரும்பிப் பார்த்தார். என் முகத்தில் என்ன கண்டாரோ, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "ஐயோ, பைத்தியக்காரத் தம்பி! ஒன்னையில்லலா, தேவசகாயம் அண்ணன. ஒங்க ஊருப் பக்கந்தான். ஒண்டிக்கட்டை. இருவது வருசம் ஒன் கட்டில்லதான் படுத்தாரு. அது அவரு சட்டதான். மூணு வருசம் பேரு சொல்ல ஆள் வரலன்னா கட் பண்ணிருவாங்க, குழிய மட்டம் பண்ணிருவாங்க. இது மூணாவது."

"நீங்க சொல்லக் கூடாதா?"

"ஒருத்தர் ஒரு ஆளுக்குத்தான். நான் எம்புருசனுக்குச் சொல்லணும். கூட ரத்தம் இருக்கணும், இல்ல ஒரே கூரைல படுத்திருக்கணும்."

அன்று நோட்டில் கண்ணாடிக்கு அடியில் மறைந்திருந்த வரி தேவசகாயத்தின் பெயர்தான். மேலே சிலுவையோடு செத்தவர் பெயர், கீழே குரல் கொடுப்பவன் பெயர். எனக்கு வெட்கத்தில் உடம்பு சுட்டது. ஊரில் ரேஷன் கார்டைச் சரிபார்க்க வந்தவர் என் பெயரை வாசித்தபோது, செல்வி, "இங்க இல்ல" என்று சொன்னதாகப் போன மாதம் சிரித்துக்கொண்டே சொன்னாள். உண்மைதான், நான் அங்கே இல்லை.

"தேவசகாயம்!"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"தேவசகாயம்!"

மூன்று நாள் பிடித்து வைத்திருந்த தலை ஆடியே விட்டது.

"தலையாட்டுனா பெரட்டுல ஏறாதுய்யா," என்றார் சவரி அண்ணன். "வாயத் தொற. தேவசகாயம்!"

"பிரசண்ட்," என்றேன்.

அவர் டிக் போட்டார். அந்த வருடம் அந்தக் குழியை யாரும் மட்டம் பண்ணவில்லை.