கயிற்றுக்கு இந்தப் பக்கம்

அமாவாசை அன்றைக்கு எங்கள் தெருவில் தறி ஓடாது. மாதத்தில் கிடைக்கிற அந்த ஒரு நாளில்தான் பெண் பார்ப்பது, துக்கம் விசாரிப்பது, பல்லைப் பிடுங்கிக்கொள்வது எல்லாம். அப்படி ஒரு அமாவாசையில் அக்காவை மலை ஏரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது எனக்கு.

அக்காவுக்கு அடுத்த வாரம் வேலூரில் முட்டி ஆபரேஷன். கல்யாணமான நாளிலிருந்து தறிக்குழியில் காலை விட்டு மிதிக்கட்டை மிதித்தவள். முட்டி இரண்டும் பனங்காய் மாதிரி வீங்கிக் கிடக்கும். மடக்கவும் முடியாது, குனியவும் முடியாது. எதையும் வாய்விட்டுக் கேட்கிற ஆள் இல்லை அவள். டாக்டர் தேதி சொன்ன அன்றைக்கு மட்டும் கேட்டாள்.

"கத்தி வெக்கிறதுக்கு முன்ன ஒரு வாட்டி, மலை மேல இருக்கிற அந்த ஏரில காலை வுட்டுகினு சும்மா குந்தினு இருக்கணும்டி."

"ஏன், சேவூர் பக்கம் ஏரி இல்லையா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"அங்க போனா சும்மா இருக்க வுடுவாங்களா? இன்னா இங்க குந்தினு கீற, வூட்ல சண்டையான்னு ஊரே வந்து கேக்கும்" என்றாள் அக்கா. அது நியாயம்தான்.

வாடகைக் கார் பிடித்து மூன்று பேரும் கிளம்பினோம். கண்ணமங்கலத்தில் டீ. மலை வளைவுகளில் அக்கா எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடியே கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். இருட்டுவதற்குள் மலை இறங்கிவிட வேண்டும் என்று டிரைவர் ஏறும்போதே சொல்லிவிட்டார்.

பூங்காவுக்குள் நுழைந்ததும் பலகைகள். புல்லில் உட்காராதீர். பூவைத் தொடாதீர். சத்தம் போடாதீர். மூச்சு விடலாமா என்பதற்குத்தான் பலகை இல்லை. இதற்குப் பெயர் ஓய்வுப் பூங்காவாம்! ஏரியைச் சுற்றி இரும்புக் கம்பி. தண்ணீரைத் தொட ஒரே ஒரு இடத்தில்தான் படிக்கட்டு இறங்கியது. அந்தப் படிக்கட்டுக்கு முன்னால், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, முழங்கால் உயரத்துக்கு ஒரு கயிறு இழுத்துக் கட்டியிருந்தது.

மூன்று பேரும் ஒன்றாக நின்றுவிட்டோம்.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. எங்கள் தெருவில் விடிகாலையில் பாவு போடுவார்கள், சேலைக்கான பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டுவார்கள். இழுத்துக் கட்டிய இழையை யாரும் தாண்டக் கூடாது. அவசரமென்றால் பாவு போடுகிறவர்கள் தூக்கிப் பிடிப்பார்கள், அடியில் குனிந்து போக வேண்டும். இல்லாவிட்டால் சுற்றிக்கொண்டு போக வேண்டும். நடக்கத் தெரிந்த நாளிலேயே எங்கள் காலுக்கு இது தெரியும்.

ஆகவே, கட்டியவர்களே வந்து அவிழ்க்கட்டும் என்று உட்கார்ந்தோம். சிமெண்டு பெஞ்சில், புளிசாதப் பையோடு, அக்காவின் காலைச் செருப்பிலேயே வைத்துக்கொண்டு. பேண்ட் போட்ட பிள்ளைகள் வந்தன, கயிற்றை அலட்சியமாகத் தாண்டின, தண்ணீரில் இறங்கின. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கட்டி வெச்சிருக்கிறது கண்ணு தெரியல பாரு. வளர்த்த லட்சணம்!" என்று நன்றாகக் காதில் விழும்படி திட்டினேன். அக்கா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிட்டோம். வெயில் சாய்ந்தது. கயிறு அவிழ்கிற வழியாக இல்லை.

கடைசியில் பொறுக்க முடியாமல் காவலாளியிடம் போனேன். "எப்பங்க தெறப்பீங்க?"

"எதைம்மா?"

"படிக்கட்டைத்தான்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அது எப்பவும் தெறந்துதாம்மா கெடக்குது. கயிறு நாங்க கட்டல. அதோ கல்யாண ஜோடியை போட்டோ எடுக்கிறாங்களே, கூட்டம் வரக்கூடாதுன்னு அவங்களா கட்டிகினாங்க. தாண்டிப் போங்க."

அவர்களாகவே கட்டிக்கொண்டார்களாம்! எவனோ இரண்டு குச்சியை நட்டு ஒரு கயிற்றை இழுத்துவிட்டால் ஏரி அவனுடையதா? அதைவிட, கேட்காமல் கொள்ளாமல் கைகட்டி உட்கார்ந்திருந்தோமே நாங்கள், அதுதான் எனக்கு ஆறவில்லை. சரியாக நடந்துகொண்டவள் பெஞ்சில். தாண்டியவன் தண்ணீரில்.

விடுவிடுவென்று திரும்பி வந்தேன். "எழுந்திரு. அது சும்மா கயிறு. தாண்டு."

அக்கா எழுந்தாள். கயிறு வரை வந்தாள். நின்றாள். "வேணாம்டி. இழுத்துக் கட்னதைத் தாண்டக் கூடாது." முட்டி வலியாலா, பழக்கத்தாலா, எனக்குத் தெரியவில்லை. குனிந்து போகவும் அவளால் ஆகாது. அந்த நேரம் பார்த்து டிரைவர் வந்து, "ஜல்தி வாங்கம்மா, இருட்டுது" என்றார்.

"பேஜாரு பண்ணாத, அடுத்த அமாவாசைக்கு வரலாம்" என்றார் என் வீட்டுக்காரர்.

அடுத்த அமாவாசைக்கு அவள் கட்டிலில் கிடப்பாள்.  கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து என் தலைக்கு மேலே தூக்கினேன். ஒரு பக்கத்துக் குச்சி பிடுங்கிக்கொண்டு வந்தது.

"ஆன்ட்டி! ஃப்ரேம்ல வர்றீங்க, தள்ளுங்க!" என்று போட்டோக்காரர் கத்தினார்.

"வந்தா வரட்டும்பா. நல்லா எடு" என்றேன். "அக்கா, நீ நட."

அக்கா குனியாமல், நிமிர்ந்த தலையோடு, கயிற்றுக்கு அடியில் நடந்து போனாள். என் வீட்டுக்காரர் ஓடிப்போய்த் தோளைக் கொடுத்து அவளைப் படியில் உட்கார வைத்தார். வீங்கிய கால் இரண்டும் தண்ணீருக்குள் இறங்கின.

"ஜில்லுனு கீதுடி" என்றாள், என் பக்கம் திரும்பாமலே.

டிரைவர் காருக்குப் போய் ஹாரன் அடித்தார். கேமரா என் பக்கமே திரும்பியிருந்தது. கை கடுத்தது. நான் கயிற்றைக் கீழே விடவில்லை. அக்கா திரும்பி வரவும் வழி வேண்டுமே.