மேலே ஆள் இருக்கா?

பேய் நள்ளிரவில்தான் வர வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? இது பட்டப்பகலில் நடந்தது. சத்தியமாக நடந்தது. நடந்தது என் அண்ணிக்கு. அவர் கதை அளக்கிற ஆள் இல்லை. அவரைக் கண்டால் பேய்க்கே பேதி போகும் என்று நாங்கள் கேலி செய்வோம்.

வானத்து ரேடியோ அலைகளைப் பிடிக்கிற டிஷ் ஒன்றில் அண்ணிக்கு வேலை. மொட்டை மாடி டிஷ்ஷை நினைக்காதீர்கள். அதற்குள் பத்து வீடு கட்டலாம். கீழே அறையில் உட்கார்ந்து அதைத் திருப்புவது அண்ணி. மேலே ஏறி போல்ட் முடுக்குவது என் அண்ணன். செல்போன் அலை வேலையைக் கெடுக்கும் என்பதால் அங்கே செல்போனே கிடையாது. அறைக்கும் டிஷ்ஷுக்கும் ஒரே ஒரு கம்பி போன். திருப்புவதற்கு முன் அண்ணி மணி அடிப்பார். யாரும் எடுக்கவில்லை என்றால் ஆள் இல்லை என்று அர்த்தம். அப்புறம்தான் பொத்தானில் கை வைப்பார்.

அன்று ஒரு புது வால்நட்சத்திரம். அதன் வாலில் ஃபார்மால்டிஹைடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிணம் கெடாமல் இருக்கப் போடுவார்களே, அதே சரக்குதான். அது விண்வெளியிலும் மிதக்கிறதாம். டிஷ் அதைப் பிடித்தால் கம்ப்யூட்டர் திரையில் ஒரு கோடு எழும்பும். மறுநாள் வால்நட்சத்திரம் அந்தப் பக்க வானத்தை விட்டே போய்விடும். அதை ஆராய வந்திருந்த விஞ்ஞானி அம்மா காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு நின்றார்.

அண்ணன் மேலே போய் ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. இந்நேரம் இறங்கியிருப்பார்.

மணி ஒன்று பத்து. அண்ணி மணி அடித்தார்.

போனை எடுத்தார்கள்.

"மேலே ஆள் இருக்கா?"

"இல்ல... எல்லாரும் இறங்கியாச்சு. திருப்பு."

அண்ணனின் குரல்தான். அண்ணி போனை வைத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினார். மோட்டார் சூடேறி உறுமத் தொடங்கியது. டிஷ் அசைய இன்னும் அரை நிமிடம் ஆகும்.

அடுத்த அறையிலிருந்து விஞ்ஞானி அம்மா கத்தினார்.

"வந்துடுச்சு! ஃபார்மால்டிஹைடு கோடு வந்துடுச்சு! என்னம்மா, இவ்வளவு பெரிசா இருக்கு?"

அண்ணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. டிஷ் இன்னும் நேர்மேலே பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே வால்நட்சத்திரமே இல்லை.

"டிஷ் இன்னும் திரும்பவே இல்லையே..."

அப்போதுதான் உறைத்தது.

ஆள் இல்லை என்றால்... போனை எடுத்தது யார்?

சிவப்புப் பொத்தானை அறைந்தார். மோட்டார் நின்றது. வேறு யாரும் மோட்டாரை ஓட்டிவிடாதபடி அதன் சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார்.

படி... படி... படி... மூச்சு முட்டியது.

மேலே கதவைத் திறந்ததும் மருந்து நெடி. திறந்த வானத்துக்குக் கீழே, பிணவறை நெடி.

ஒரு தகட்டுக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

அசைவில்லை.

"ஐயோ... என்னங்க!"

காலைப் பிடித்து இழுத்தார்.

"ஏய், விடு! கூசுது!"

அண்ணன்தான். உயிரோடுதான். அண்ணி அவர் முதுகில் நாலு சாத்து சாத்திவிட்டு, அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதார். டிஷ் சாய்ந்திருந்தால் பத்து மாடி உயரத்திலிருந்து அவர் உருண்டிருப்பார்.

கீழே வந்து தண்ணீர் குடித்த பிறகுதான் அண்ணிக்குப் பேச்சு வந்தது.

"ஆள் இல்லன்னு ஏன் சொன்னீங்க? என் கையாலயே உங்கள..."

அண்ணன் விழித்தார்.

"நான் எங்கடி சொன்னேன்? ஒன்னு பத்துக்கு நீ மணி அடிச்ச. எடுத்தேன். 'திருப்ப இன்னும் அரை மணி ஆகும், அடியில இருக்கற போல்ட்டையும் பாத்துடுங்க'ன்னு நீதானே சொன்ன? உன் குரல் எனக்குத் தெரியாதா? அதனாலதான் உள்ள தலைய விட்டேன்."

மணி அடித்தது ஒரு தடவை. கம்பி ஒன்று. அதில் அவர்கள் இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசவே இல்லை.

இருவரும் இன்றைக்கும் அங்கேதான் வேலை பார்க்கிறார்கள். ஆனால் வீட்டில் அடுத்த அறையிலிருந்து அண்ணன் கூப்பிட்டால் அண்ணி பதில் கொடுப்பதில்லை. எழுந்து போய், முகத்தைப் பார்த்த பிறகுதான் வாயைத் திறக்கிறார்.