ரயில் நிற்காத ஊருக்கு இரண்டு பேச்சாளர்கள்

இன்று மாலை சிதம்பரத்தில் பட்டிமன்றம். கடலூரில் ரயிலேறி ஜன்னலோரம் அமர்ந்தேன். எங்கள் ஊர் வந்ததும் வழக்கம்போல் தலையைத் திருப்பினேன், ஸ்டேஷனைக் காணவில்லை. ஓட்டுக்கூரையும் டிக்கெட் கவுண்டரும் இருந்த இடத்தில் செங்கற்குவியல் கிடந்தது. உடைந்த சுண்ணாம்பின் வாசனை பெட்டிக்குள் வந்து போயிற்று. அந்த வாசனை உங்களை என்ன செய்யுமோ, எனக்கு அந்தோணியின்மேல் இருந்த பழைய பொறாமையைக் கிளப்பிவிட்டது.

பள்ளி இறுதியாண்டில், மாவட்டப் பேச்சுப் போட்டிக்கு எங்கள் பள்ளியிலிருந்து ஒருவரைத்தான் அனுப்புவார்கள். தலைப்பு, எங்கள் ஊரின் வரலாறு. நான் ஸ்டேஷனை எடுத்துக்கொண்டேன். அகலப்பாதை போட்ட பிறகு அங்கே எந்த ரயிலும் நிற்பதில்லை. அழிந்ததைப் பேசினால் கைதட்டல் உறுதி என்பது அந்த வயதிலேயே எனக்குத் தெரியும்.

அங்கே கமிஷனுக்கு டிக்கெட் விற்றவர் என் நண்பன் அந்தோணியின் அப்பா; எனக்கு மாமா. மூன்று மாலைகள் அவரிடம் அமர்ந்து ஒரு நோட்டு நிறைய எழுதினேன். நிலக்கடலை மூட்டைகளை ஏற்றுவதற்காக நிலையம் பிறந்தது முதல், அட்டை டிக்கெட்டில் தேதி குத்தும் எந்திரத்தின் ஓசை வரை சொன்னார்.

"இன்னும் என்னா மாப்ள வேணும்? ஸ்டேஷன் நாயி பேரு வரைக்கும் சொல்லிட்டேன்."

பள்ளி மேடையில் முழங்கினேன். "இரும்புத் தண்டவாளம் இருக்கிறது, இளைப்பாற ரயில்தான் இல்லை!" கூரை அதிர்ந்தது.

அடுத்து அந்தோணி. அவனும் ஸ்டேஷனைத்தான் எடுத்திருந்தான். குரலை உயர்த்தவே இல்லை. கடைசிப் பாசஞ்சர் போன மறுநாளும் அவன் அப்பா சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு போய்க் கவுண்டரைத் திறந்து உட்கார்ந்தாராம். ஒரு வாரம் அப்படியே. ஊர் சிரித்ததற்கு, "நிறுத்தச் சொல்லிக் காயிதம் வரலியே" என்றாராம். அரங்கம் கைதட்ட மறந்தது. அவனைத் தேர்ந்தெடுத்தார்கள்.

நாயின் பெயரைக்கூடச் சொன்ன மாமா இதை என்னிடம் சொல்லவில்லை. தோல்வியைவிட அதுதான் சுட்டது.

"சொந்தக் கதையெல்லாம் வரலாறு ஆவுமாடா?" என்றேன்.

"அப்பாவும் அதான் கேட்டாரு மச்சான். ஊரே சிரிச்சத மைக்ல ஏன்டா சொல்லணும்னு திட்டிட்டாரு."

மாவட்டப் போட்டிக்கு அவன் போகவில்லை. நான் போனேன், அவன் கதையை என் உரையில் செருகி வென்றேன். அதன்பின் எத்தனையோ மேடைகளில் அதே கதைக்கு அதே அமைதி. வெட்கம் உண்டுதான், வீட்டில் கோப்பைகளும் உண்டு.

ரயிலிலிருந்தே அவனை அழைத்தேன். இப்போது காட்டுமன்னார்கோயிலில் ஓர் அரிசி ஆலையில் வேலை பார்க்கிறான்.

"ஸ்டேஷன இடிச்சிட்டாங்கடா."

"தெரியும். இன்னைக்கும் எங்கப்பா கதைதானா?"

ஆமாம் என்று ஒப்புக்கொண்டேன்.

"பேசு மச்சான். அப்பா இருந்தவரைக்கும் ஒன் வீடியோவத்தான் போட்டுப் போட்டுப் பாப்பாரு. மாப்ள என்னமா பேசுறான் பாருன்னு அம்மாவ வேற கூப்டுவாரு. நான் எப்டிப் பேசினேன்னு ஒரு வார்த்த கேட்டதில்ல."

அவன் குரலில் இருந்தது இன்னதென்று யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. இத்தனை ஆண்டுகள் அவன்மேல் நான் வளர்த்ததுதான் அது.

மாமா சென்ற ஆண்டு காலமானார். எங்கள் இருவரில் எவன் அதை நன்றாகச் சொன்னான் என்று தீர்ப்பளிக்கத் தகுந்தவர் அவர் ஒருவரே. இருவருமே கடைசிவரை அவரிடம் கேட்கவில்லை.